எறும்பு பார்க்கும் வகுப்பு: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என் பொறுப்பு. மூன்றுக்கும் ஒரே அறை, ஒரே கரும்பலகை. சில வருடங்களாக, மாசி பிறந்து வெயில் கொஞ்சம் உறைக்க ஆரம்பித்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் கூட்டிப்போய் எறும்பு பார்க்க உட்கார வைக்கிறேன். இதைப் பயிற்சிக் கூட்டங்களில் பேச்சுவாக்கில் சொல்லப்போக, குன்னூர், கூடலூர், மஞ்சூர்ப் பக்கத்து ஆசிரியர்கள் போன் போட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதியே வைத்துவிடுகிறேன்.

எவ்வளவோ இருக்க, ஏன் எறும்பு?

கிட்டப்போய்ப் பார்க்க விடுகிறதே, அதனால்தான். எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டெருமை புதிதே இல்லை. பள்ளிக்கு வரும் வழியில் தேயிலைக்குள் நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். கரடியைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். ஆனால், "பக்கத்தில் போய் எத்தனை நகம் என்று எண்ணிட்டு வா" என்று அவற்றிடம் யாரையும் அனுப்ப முடியாது. பட்டாம்பூச்சி நிற்காது. ஆறு வயதுப் பிள்ளை மூக்கு உரசுகிற தூரத்தில் குனிந்தாலும் எறும்பு தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். செலவில்லை, பஸ் பிடிக்க வேண்டியதில்லை.

உலகத்தில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட எறும்பு வகைகள் மட்டும் 14,000க்கு மேல். இந்தியாவில் 800க்கு மேல். அத்தனையையும் தெரிந்து வைத்திருக்கும் டீச்சர் எங்கும் கிடையாது. "எனக்கும் தெரியலை கண்ணு, வா பார்ப்போம்" என்று கூச்சப்படாமல் சொல்லலாம். வகுப்பில் அப்படிச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கிற பாடம் அபூர்வம்.

எங்கள் ஊர் குளிரில் எறும்பே கண்ணில் படுவதில்லையே?

நேரம் தப்பாக இருக்கும். நானும் முதல் வருடம் இதில்தான் மாட்டினேன். காலை வணக்கக் கூட்டம் முடிந்த கையோடு, மார்கழியில், ஒன்பதரை மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். புல்லில் பனி. ஒரு எறும்புகூட இல்லை. இருபது நிமிடம் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தோம்.

எறும்புக்கு நம்மைப்போல் உடம்புச் சூடு கிடையாது. வெளியே என்ன சூடோ அதுதான் அதற்கும். அதனால் தரை சூடேறும்வரை வெளியே வராது, வந்தாலும் மெதுவாகத்தான் நகரும். மலையில் ஏற ஏற எறும்பு வகைகளும் குறைந்துகொண்டே போகும். மேட்டுப்பாளையத்தில் ஒரு வேப்பமரத்தடியில் கிடைக்கும் வகைகளை 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் எதிர்பார்க்கக் கூடாது. இலைகளை ஒட்டவைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு கீழே மாமரத்திலும் பலாவிலும் இருக்கும். எங்கள் உயரத்தில் நான் பார்த்ததில்லை. கூடலூர் ஆசிரியர்களுக்கு அந்த யோகம் உண்டு.

எங்களுக்குச் சரிப்பட்டு வருவது மாசியிலிருந்து சித்திரைவரை, காலை 11 மணிக்கு மேல், மதிய உணவுக்கு முன். இடம், வெயில் நேராக விழுகிற கல் சுவர் அல்லது தளக்கல். தரையில் பாதி புதைந்த தட்டையான கல் கிடைத்தால் இன்னும் நல்லது. குளிர்ப் பிரதேசத்தில் எறும்புகள் கல்லுக்கு அடியில் கூடு வைப்பது வழக்கம். கல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். "ஏன் கல்லுக்கடியில?" என்று கேட்டுவிட்டு, பிள்ளைகளை அந்தக் கல்லின்மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். பக்கத்து மண்ணிலும் வைக்கச் சொல்லுங்கள். பதில் கையிலேயே இருக்கும்.

கல்லை டீச்சர்தான் புரட்ட வேண்டும். உங்கள் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திறக்கும்படி புரட்டுங்கள். அடியில் தேளோ பாம்போ இருந்தால் அது உங்களைவிட்டு விலகி ஓடும். பார்த்து முடித்ததும் இருந்தபடியே மெதுவாக மூடிவிட வேண்டும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

நான்கு பிள்ளைக்கு ஒரு லென்ஸ். பழைய கல்யாணப் பத்திரிகைகள் (அட்டை கெட்டியாக இருப்பதால்). மூடி தெளிவாக உள்ளே தெரிகிற சின்ன பிளாஸ்டிக் டப்பா இரண்டு. பென்சில், தாள். கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை, ஒரு வர்க்கி (எங்கள் பக்கத்து மொறுமொறு பிஸ்கட்). அவ்வளவுதான். லென்ஸ் இல்லாவிட்டால் செல்போனில் பெரிதாக்கிக் காட்டலாம். ஆனால் போனைக் கையில் கொடுத்தால் அப்புறம் எறும்பை யாரும் பார்க்க மாட்டார்கள்.

முதல் நாள் எப்படித் தொடங்குவது?

எதையும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு எறும்பு வரையச் சொல்லுங்கள். வகுப்பறைக்குள்ளேயே, மனசில் இருக்கிறபடி. எங்கள் வகுப்பில் வழக்கமாக வருவது: இரண்டு வட்டம், நான்கு கால், சிரிக்கிற வாய். சிலர் கண்ணுக்கு இமை முடிகூடப் போடுவார்கள். ஒரு பையன் வரிசையாகப் பல் வைத்தான். "கடிக்குதில்ல?" என்றான், நியாயமாக. எதையும் திருத்தாதீர்கள். தேதி போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வெளியே போய் ஒரு எறும்பை அட்டையில் ஏற்றி, தெளிவான டப்பாவுக்குள் விட்டு, வெள்ளைத்தாள் மேல் வைத்து லென்ஸில் பார்க்க விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். கால் எத்தனை என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். "டீச்சர், ஆறு!" என்று ஒரு குரல் வரும். "இல்லை, எட்டு" என்று இன்னொன்று வரும். உணர்கொம்பையும் கால் என்று எண்ணியிருப்பார்கள். சண்டை நடக்கட்டும். எண்ணியவர்களே திரும்ப எண்ணித் தீர்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் கொஞ்சம் கடினமான கேள்வி ஒன்று: கால் எங்கிருந்து முளைக்கிறது? முதல் நாள் படத்தில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று மாட்டுக்கு இருப்பதுபோல் இருக்கும். லென்ஸில் பார்த்தால் தலை, நடு, வயிறு என்று மூன்று பகுதி தெரியும். ஆறு காலும் நடுப்பகுதியிலிருந்துதான் கிளம்பும். நடுவுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒடுங்கிய இடுப்பு, அதில் சின்ன மேடு. உணர்கொம்பு நம் முழங்கைபோல் நடுவில் மடங்கியிருக்கும். எங்கள் பிள்ளைகள் அதை மீசை என்பார்கள். நானும் மூன்று நான்கு நாள் மீசை என்றே சொல்வேன். உணர்கொம்பு என்ற சொல் பிறகு தானாக வந்து சேரும்.

இரண்டாவது படத்தை வரைந்ததும் முதல் படத்தையும் பக்கத்தில் ஒட்டிக் காட்டுங்கள். பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டு படத்தையும் பார்த்த அம்மாக்கள் பேசுகிற அளவுக்கு, நான் எழுதிவைத்த எந்த மதிப்பெண் பட்டியலையும் பற்றி அவர்கள் பேசியதில்லை.

டப்பாவிலிருந்த எறும்பை எடுத்த இடத்திலேயே விட வேண்டும். வேறு கூட்டின் பக்கம் விட்டால், வாசனை வேறு என்று கண்டுபிடித்து அந்தக் கூட்டத்து எறும்புகள் தாக்கும்.

எனக்கு எறும்புப் பெயர்கள் தெரியாது. பரவாயில்லையா?

ஊர்ப் பெயர்கள் போதும். பிள்ளையார் எறும்பு (கருப்பு, வேகமாக ஓடும், கடிக்காது), கட்டெறும்பு, சிவப்பாகச் சுள்ளென்று கடிக்கிற சின்ன எறும்பு, இப்படி வீட்டில் சொல்வதே நல்ல தொடக்கம். ஒரு ஊரில் கட்டெறும்பு என்பது இன்னொரு ஊரில் வேறு எறும்பாக இருக்கும். அதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள் உண்டு, இருளர் மொழி பேசுகிறவர்கள் உண்டு, தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. "வீட்டில் பாட்டியிடம் எறும்புக்கு என்ன பேர் என்று கேட்டு வா" என்பது நான் கொடுக்கும் முதல் வீட்டுப்பாடம். எழுதக்கூட வேண்டாம், சொன்னால் போதும். கன்னடத்தில் இருவெ, மலையாளத்தில் உறும்பு என்று நானும் என் பங்குக்குச் சேர்ப்பேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை அன்றைக்குத்தான் முதன்முதலில் எழுந்து நின்று பேசினாள், அவள் வீட்டு மொழியில் நான்கு எறும்புக்கு நான்கு பெயர்.

எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது? இதைச் சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எறும்புச் சாரி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். இல்லாவிட்டால் வர்க்கித் துணுக்கு ஒன்றைக் கூட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருங்கள். முதலில் ஒரு எறும்பு கோணல்மாணலாகச் சுற்றிக்கொண்டு வந்து கண்டுபிடிக்கும். திரும்பிப் போகும். சற்று நேரத்தில் நான்கைந்து வரும், அப்புறம் சாரியே பிடித்துவிடும். "முதல்ல வந்தது போய்ச் சொல்லிருச்சு" என்று பிள்ளைகளே சொல்வார்கள். எப்படிச் சொன்னது என்பதுதான் கேள்வி.

சாரி நடுவில் விரலால் குறுக்கே ஒரு கோடு அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். தரை வழவழப்பாக இருந்தால் நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் எறும்புகள் அந்த இடத்தில் நின்றுவிடும். மீசையை ஆட்டும், திரும்பும், பக்கவாட்டில் போய்ப் பார்க்கும். தரையில் கண்ணுக்கு எதுவும் மாறவில்லை. சுவர் எழுப்பவில்லை, பள்ளம் தோண்டவில்லை. "வழி மறந்துருச்சு டீச்சர்" என்றாள் ஒருத்தி. "அழிச்சது நீதானே, எதை அழிச்சே?" என்றேன். விரலைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு முகர்ந்து பார்த்தாள். நான் சொல்லிக்கொடுக்காமலேயே அவள் மூக்குக்குப் போய்விட்டாள்!

எறும்பு நடக்கும்போது வயிற்று நுனியால் தரையில் வாசனை வைத்துக்கொண்டு போகிறது. பின்னால் வருவது அதை உணர்கொம்பால் முகர்ந்து வருகிறது, தானும் கொஞ்சம் வைக்கிறது. தீனி தீர்ந்துவிட்டால் யாரும் புதிதாக வைப்பதில்லை. வாசனை ஆவியாகிப் போய்விடும், சாரியும் கலைந்துவிடும். தொல்காப்பியம் சிதலையும் (கரையான்) எறும்பையும் மூவறிவு உயிர் என்று வகுத்திருக்கிறது. தொடுதல், சுவை, மோப்பம் மூன்றும் உண்டு, பார்வை அதில் சேரவில்லை. எறும்புக்குக் கண் இருக்கிறது, லென்ஸில் தெரியும். ஆனாலும் இந்தச் சோதனையைச் செய்து பார்த்தபின், அப்படி வகுத்தவர் தரையில் குந்தி வெகுநேரம் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் வகுப்புக்கு இன்னொன்று. சாரியின் மேல் குறுக்கே ஒரு தாள் துண்டைப் போட்டு, எறும்புகள் அதன்மேல் ஏறிப் போய்ப் பழகும்வரை ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு தாளைக் கால் சுற்று திருப்பி வையுங்கள். தாளுக்கு வந்த எறும்புகள் குழம்பும். சில, தாளில் வைத்த வாசனையைப் பிடித்துக்கொண்டு தப்பான பக்கம் இறங்கும். காற்று அடித்தால் தாள் பறந்து எல்லாம் வீணாகும், ஓரத்தில் கூழாங்கல் வையுங்கள்.

சாக்பீஸ் கோடு போட்டால் எறும்பு தாண்டாது என்கிறார்களே, செய்யலாமா?

கரும்பலகைச் சாக்பீஸால் செய்யலாம். பொடி அப்பியதும் எறும்பு தயங்கும், பிறகு மெல்லிய இடமாகப் பார்த்துத் தாண்டிவிடும். எவ்வளவு நேரத்தில் தாண்டுகிறது என்று எண்ணவே பிள்ளைகளுக்கு ஆசை. கடையில் எறும்பு மருந்தாக விற்கும் சாக்பீஸை மட்டும் பள்ளிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அது பூச்சிக்கொல்லி. பார்ப்பதற்குச் சாதாரணச் சாக்பீஸ் போலவே இருப்பதுதான் ஆபத்து.

எறும்பு எதை விரும்பித் தின்னும் என்று சோதிக்க முடியுமா?

முடியும், கணக்குப் பாடமும் கூடவே நடந்துவிடும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் நான்கு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக நாட்டுச்சர்க்கரை, உப்பு, தேங்காய்த் துருவல், பொடித்த கருவாடு வையுங்கள். எல்லாம் ஒரு சிட்டிகை அளவே. எது ஜெயிக்கும் என்று ஆளுக்கொரு பக்கம் கைதூக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எந்தக் கட்டத்தில் எத்தனை எறும்பு என்று எண்ணிக் கோடு போட வேண்டும். ஐந்தாவது கோடு குறுக்கே. ஒன்றாம் வகுப்பு எண்ணும், இரண்டாம் வகுப்பு எழுதும், மூன்றாம் வகுப்பு கூட்டும்.

சர்க்கரைதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பல நாள் அப்படித்தான். ஆனால் கூட்டுக்குள் வளரும் புழுக்களுக்குப் புரதம் தேவைப்படும் சமயத்தில் கருவாட்டுக் கட்டம் கருத்துப்போகும். ஒரே கூட்டுக்கு வேறு வேறு நாளில் வேறு வேறு முடிவு வரும். "நேத்து தப்பா எண்ணிட்டோமா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு இன்னொரு நாளும் வைத்துப் பாருங்கள்.

ஒரு தப்பு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். இந்த அட்டையைச் சத்துணவுக் கூடத்து வாசல்படியில் வைத்தேன், வெயில் அங்கேதான் நன்றாக விழுந்தது என்று. மறுநாள் காலை பருப்பு டின்னைச் சுற்றி எறும்பு. சமையலக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். "டீச்சர், நீங்க பாடம் நடத்துங்க, வேண்டாங்கல. ஆனா என் அடுப்பங்கரைக்கு வழிகாட்டி நடத்தாதீங்க" என்றார்கள். அதிலிருந்து சமையல் பக்கத்துக்கு எதிர்மூலையில்தான் எல்லாம்.

பாட்டிலில் மண் போட்டு வகுப்பிலேயே வளர்க்கலாமா?

நான் செய்வதில்லை. ராணி இல்லாமல் பிடித்துப் போட்ட வேலைக்கார எறும்புகள் கொஞ்ச நாள் சுரங்கம் தோண்டும், பிறகு ஒவ்வொன்றாகச் சாகும். ராணியோடு எடுக்க வேண்டுமென்றால் ஒரு கூட்டையே தோண்டிக் கெடுக்க வேண்டும். சனி ஞாயிறு விடுமுறையில் யார் தண்ணீர் காட்டுவது? வெளியே ஒரு கூட்டுக்குப் பக்கத்தில் குச்சி நட்டு, "எங்கள் வகுப்புக் கூடு" என்று சீட்டுக் கட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தால் போதும். எங்கள் கூடு ஒருமுறை இடம் மாறிப் போனது. வாயில் வெள்ளை வெள்ளையாகத் தூக்கிக்கொண்டு அன்று முழுக்க ஊர்வலம் போனது. பாட்டிலில் அதைப் பார்க்க முடியுமா?

அந்த வெள்ளையை எல்லோரும் முட்டை என்போம். உண்மையில் அரிசிபோல் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும். நிஜ முட்டை புள்ளி அளவுதான் இருக்கும், லென்ஸிலும் தேடத்தான் வேண்டும்.

கடித்துவிட்டால்?

கடிக்கும். அதை மறைக்க வேண்டாம். எறும்புகளில் சில வகை தாடையால் கடித்து அந்த இடத்தில் அமிலம் பீய்ச்சும், சில வகை குளவியைப்போல் வாலில் கொடுக்கு வைத்துக் கொட்டும். குளவியும் தேனீயும் எறும்புக்குச் சொந்தக்காரர்கள்தானே. தட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்துணி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உதடு, முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். யாருக்காவது பூச்சிக்கடி ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

தெரியாத பெரிய எறும்பைக் கையால் தொடக் கூடாது, கூட்டுவாயில் உட்காரக் கூடாது, பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். இந்த மூன்றுதான் எங்கள் சட்டம். சொல்லப்போனால் எங்கள் பிள்ளைகள் எறும்பைவிட அதிகம் அழுதது பள்ளிக்குப் பின்னால் முளைத்திருந்த, பட்டால் அரிக்கிற செந்தட்டிச் செடியால். இடத்தை முந்தின நாளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் நசுக்கிவிடுகிறார்களே?

முதல் இரண்டு நாள் நடக்கும். அதட்டினால் உங்களுக்குத் தெரியாமல் நசுக்குவார்கள். ஒருமுறை ஒருவன் மிதித்த எறும்பைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்து, "இனி என்ன நடக்குதுன்னு பார்ப்போம்" என்றேன். சற்று நேரத்தில் இன்னொரு எறும்பு வந்தது, மீசையால் தடவியது, போய்விட்டது. பிறகு ஒன்று வந்து அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. பிள்ளைகள் பின்னாலேயே தவழ்ந்தார்கள். கூட்டுக்குச் சற்றுத் தள்ளி, இறந்தவையும் குப்பையும் கிடந்த இடத்தில் கொண்டுபோய்ப் போட்டது. "சுடுகாடு" என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். மிதித்தவன் ஒன்றும் சொல்லவில்லை.

எறும்பு துக்கப்படுகிறது என்று நான் சொல்லமாட்டேன். செத்த எறும்பின் உடலில் ஓலியிக் அமிலம் உண்டாகும். அந்த வாசனை வந்தால் அகற்றிவிடும். எட்வர்ட் வில்சன் என்ற அறிஞரும் கூட்டாளிகளும் 1958இல் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். அந்த அமிலத்தை உயிருள்ள எறும்பின் மேல் தடவினால் அதையும் குப்பைக்குத் தூக்கிப்போய்விடும், அது காலை உதைத்துக்கொண்டிருந்தாலும்! இதைக் கேட்டால் பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள்.

"எறும்பைப் போல் சுறுசுறுப்பாக இரு" என்று பாடத்தை முடிக்கலாம்தானே?

தயவுசெய்து வேண்டாம். அந்த வாக்கியத்தை முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதையே பார்ப்பார்கள், எறும்பைப் பார்க்கமாட்டார்கள். அது முழுக்க உண்மையும் இல்லை. 2015இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வகைச் சிற்றெறும்புகளுக்குத் தனித்தனியாகப் பெயிண்ட் புள்ளி வைத்துக் கவனித்தார்கள். வேலைக்கார எறும்புகளில் சுமார் 40 சதவீதம் பெரும்பாலான நேரம் சும்மாவே இருந்தன. பின்னர், அதிகமாக உழைப்பவற்றை அகற்றிப் பார்த்தபோது சும்மா இருந்தவை அந்த வேலைக்கு வந்துவிட்டன. மழைக்காலத்துக்குத் தானியம் சேர்த்து வைப்பதும் சில வகைகள்தான்.

எங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் ஒருவன் எப்போதும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பான். சாரிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்ற ஓர் எறும்பை முதலில் கண்டுபிடித்தது அவன்தான். "இது சும்மா நிக்குது டீச்சர், ரொம்ப நேரமா" என்றான். அவன் எவ்வளவு நேரமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று யோசித்துப் பாருங்கள்.

ராஜா எறும்பு உண்டா என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இல்லை என்று சொல்லுங்கள். வெளியே திரிகிற வேலைக்கார எறும்புகள் எல்லாம் பெண்கள். முட்டையிடுவது ராணி. ஆண் எறும்புக்கு இறக்கை உண்டு, ராணியோடு இணைந்தபின் சீக்கிரமே இறந்துவிடும். ராணிக்கும் முதலில் இறக்கை இருக்கும். பறந்து இணைந்து தரையிறங்கியதும் தானே உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போகும். உள்ளே அது உட்கார்ந்து கட்டளை போடுவதில்லை என்பதையும் சொல்லலாம். ஆய்வுக்கூடத்தில் ஒரு கருப்பு எறும்பு ராணி 28 வருடத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. "எங்க அம்மாவ விட மூப்பு" என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டாள்.

இதே பேச்சில் ஈசல் வரும். ஈசல் எறும்பில்லை, இறக்கை முளைத்த கரையான். கரையானுக்குக் கரப்பான்தான் நெருங்கிய உறவு. கையில் ஒன்று கிடைத்தால் பார்த்தே பிரிக்கலாம்: எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், மீசை மடங்கியிருக்கும், முன் இறக்கை பெரிது. ஈசலுக்கு இடுப்பே இல்லை, மீசை மணிகோத்ததுபோல் நேராக இருக்கும், நான்கு இறக்கையும் ஒரே அளவு.

பள்ளித் தோட்டத்து அவரையில் எறும்பு ஏறுகிறது. மருந்தடிக்க வேண்டுமா?

அடிக்குமுன் ஒரு வகுப்பு நடத்திவிடுங்கள். எறும்பு ஏறும் கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் அசுவினி என்கிற சின்னஞ்சிறு பூச்சி அப்பியிருக்கும். அது செடிச்சாற்றை உறிஞ்சி, மிச்ச இனிப்பை நீராக வெளியே விடும். எறும்பு மீசையால் அசுவினியின் முதுகைத் தட்டும், பின்புறம் ஒரு சின்னச் சொட்டு திரளும், எறும்பு குடித்துவிடும். லென்ஸை அசையாமல் பிடித்தால் அந்தச் சொட்டு வெயிலில் மின்னுவது தெரியும். வீட்டில் மாடு இருக்கும் பிள்ளைகள் உடனே, "பால் கறக்குது!" என்பார்கள். பதிலுக்கு எறும்பு, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டையும் அதன் புழுவையும் விரட்டும். அசுவினி தேயிலைக் கொழுந்திலும் வரும். அப்பா அம்மாவோடு தோட்டத்துக்குப் போகும் பிள்ளைகளை அங்கும் பார்க்கச் சொல்லலாம். அவரையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தண்ணீரைப் பீய்ச்சி அசுவினியைக் கழுவிவிட்டாலே பெரும்பாலும் போதும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடியிலும், எங்கள் கிழக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும் வெளியே உட்கார முடியாது. அட்டைப்பூச்சி வேறு. அந்த மாதங்களில் நாங்கள் ஜன்னல் ஓரத்து எறும்போடு நிறுத்திக்கொள்கிறோம். எறும்பு "முட்டை" தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை வரும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதைச் சுவர் காலண்டரில் குறித்துப் பார்த்தோம். ஏறிய நாளுக்குச் சிவப்பு வட்டம், மழை பெய்த நாளுக்கு நீல வட்டம். சில நாள் இரண்டும் சேர்ந்தன, சில நாள் சேரவில்லை. "பாட்டி சொன்னது பொய்யா?" என்று ஒருத்தி முகம் வாடினாள். இன்னும் நிறைய நாள் குறித்துவிட்டுப் பேசலாம் என்று காலண்டரை அப்படியே விட்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே? பாடம் முடிக்க வேண்டாமா?

சின்ன வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் நாம் செய்ய வேண்டியது எண்ணுவதும் எழுதுவதும் பேசுவதும்தானே, எல்லாம் இதிலேயே நடக்கிறது. வாரம் ஒரு நாள், முக்கால் மணி நேரம். அதற்கு மேல் உட்கார வைத்தால் மண்ணை அள்ளி விளையாடத் தொடங்குவார்கள். முதல் வாரம் பத்து நிமிடம்கூட நிற்கமாட்டார்கள், அதுவும் சரிதான். உள்ளே வருமுன் எல்லோரும் கை கழுவியாக வேண்டும், கருவாடு வைத்த நாளில் இரண்டு தடவை.

திரும்பும்போது லென்ஸை எண்ணி வாங்குங்கள். போன வருடம் ஒன்று குறைந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு பையன் கொண்டுவந்து மேசையில் வைத்தான். திட்டலாம் என்று நிமிர்ந்தேன். "எங்க வீட்டுல ஒரு வகை இருக்கு டீச்சர், இங்க இல்லாதது" என்று நான்காக மடித்த தாளை நீட்டினான். ஆறு கால், ஒடுங்கிய இடுப்பு, மடங்கிய மீசை. தலை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருந்தது. தப்பாக வரைந்துவிட்டான் என்று நினைத்தேன். சாயங்காலம் அவன் வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் பார்த்தால், சின்ன எறும்புகளுக்கு நடுவே நிஜமாகவே பெருந்தலையோடு சில எறும்புகள் போய்க்கொண்டிருந்தன.